தொட்டிக்கு அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்

கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டு அடுப்படியில் மூன்று தலைமுறையாகக் கிடந்த பாத்திரம் விளக்கும் கல் தொட்டியை எடுத்துவிட்டு எவர்சில்வர் சிங்க் வைத்தார்களாம். குடியிருப்பது சென்னையில். ஊருக்கு வருவது பொங்கலுக்கும் படைப்புக்கும்தான். “வந்து கதவைத் திறந்தால் அடுப்படி முழுக்க அழுகிய முட்டை வாடை. கல்லை நகர்த்தியதால் வந்த தோஷம் என்கிறார் வாஸ்து பார்ப்பவர். கல் இருந்தவரை வாடை இல்லை என்பதும் நிஜம்தானே?”

நிஜம்தான் ஆச்சி. காரணம் மட்டும்தான் வேறு.

முதலில் கல்லை எடுத்த கதை. அளவும் அனுப்பியிருக்கிறார்: வெளிப்புறம் 75, 45, 25 செ.மீ.; உள்குழி 63, 33, 17. கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ 49,000 கன செ.மீ. கருங்கல். ஒரு கன செ.மீ. 2.7 கிராம் என்றால் மொத்தம் 130 கிலோவைத் தாண்டுகிறது. இதைத் தூக்க ஆள் திரட்ட வேண்டியதில்லை. பழைய சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, உளியால் சுரண்டினால் பொடிந்துவிடும். அப்புறம் ஐந்தடிக் கடப்பாரை. நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால், கைப்பக்கம் 140 செ.மீ. மிஞ்சும். ஒரு விளிம்பை மட்டும் கிளப்பப் பாதி எடை போதும், அதிலும் பதினான்கில் ஒரு பங்கு. ஐந்து கிலோகூட வராது. கிளப்பிய இடத்தில் இரும்புக் குழாய்த் துண்டுகளைச் செருகி உருட்ட வேண்டியதுதான். அடியில் பலகை போடாவிட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உடைந்து போகும். எட்டாம் வகுப்பு நெம்புகோல்தான் இது. அந்த ஊர்க் கொத்தனார்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது வாடைக்கு வருவோம். பழைய தொட்டியில் ஓர் ஓட்டை இருந்தது. தண்ணீர் சுவரைத் தாண்டித் திறந்த வாய்க்காலில் விழுந்து வாழைக்குப் போனது. புது சிங்கின் குழாயோ செப்டிக் டேங்குக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜன் இல்லாத இருட்டில் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. அதுதான் அழுகிய முட்டை. குழாய் இருவழிப் பாதை: தண்ணீர் இறங்கும் வழியிலேயே வாயு ஏறி வரும்.

அதைத் தடுக்கத்தான் சிங்குக்கு அடியில் குடுவை மாதிரித் தொங்கும் பாட்டில் டிராப். வளைந்த குழாய் டிராப்பும் உண்டு. தத்துவம் ஒன்றுதான். தண்ணீர் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, அப்புறம்தான் வெளியேற முடியும். கடைசியாக ஊற்றியதில் ஒரு டம்ளர் அளவு ஏற முடியாமல் வளைவிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீரேதான் கதவு! பாத்திரம் விளக்கிய நீருக்கு வழிவிடும், வாயுவுக்கு வழிவிடாது. கீல் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, தேய்மானம் கிடையாது. ஒவ்வொரு முறை விளக்கும்போதும் பழைய கதவு போய்ப் புதுக் கதவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1775இல் கழிப்பறைக்காக இப்படியொரு வளைவுக்குக் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங், ஒரு கடிகாரக்காரர். எனக்கென்னவோ அவர் செய்த கடிகாரங்களைவிட இதுதான் பெரிய வேலை.

தடுக்கும் நீரின் ஆழம் வழக்கமாக 5 செ.மீ. வளிமண்டல அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். அதில் இருநூறில் ஒரு பங்குதான் நம் கதவின் பலம். டேங்கில் சேரும் வாயு மொட்டை மாடிவரை போகும் காற்றுக் குழாய் வழியே வெளியேறிவிடுவதால் அந்தப் பலமே போதும்.

ஆனால் தண்ணீர்க் கதவு காய்ந்து போகும். செட்டிநாட்டு வெயிலில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்த ஒரு டம்ளர் ஆவியாகிவிட, கதவு தானாகத் திறந்துகொள்கிறது. பூட்டிய வீட்டில் ‘ஏதோ இருக்கு’ என்று ஊரில் சொல்வார்கள். இருப்பது செப்டிக் டேங்க்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. 2003இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் என்ற கடும் மூச்சு நோய் தொற்றியதில், குளியலறைத் தரை டிராப்கள் காய்ந்து கிடந்ததற்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டில் ராக்கெட்டுக்கு இருக்கும் மரியாதை சாக்கடை ஆராய்ச்சிக்கு இல்லை. செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய சென்னை ஐஐடியில் ஒரு ரோபோ உருவாக்கினார்கள். அதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? மனிதரை இன்னும் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும் ஊரில் இதற்கல்லவா பணம் கொட்ட வேண்டும்!

சரி, ஆச்சி செய்ய வேண்டியது: வீட்டைப் பூட்டுவதற்கு முன் சிங்கில் ஒரு செம்பு தண்ணீர், அதன்மேல் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய். எண்ணெய் மிதந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும். வந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மறுபடி ஒரு செம்பு ஊற்றுங்கள். குளியலறைத் தரை ஓட்டைக்கும் இதே வைத்தியம்.

ஆள் இருக்கும்போதும் நாறினால் சந்தேகம் வேறு பக்கம். ஒரு வாளித் தண்ணீரைச் சட்டென்று கவிழ்த்தால், குழாயை அடைத்துக்கொண்டு இறங்கும் நீர் வளைவில் நிற்க வேண்டியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். கேனிலிருந்து டியூப் வைத்து மண்ணெண்ணெய் இறக்குவோமே, அதே உறிஞ்சல். சிங்க் காலியாகும் கடைசி நொடியில் காதைக் கொடுங்கள். ‘களக், களக்’ என்று சத்தம் வந்தால் டிராப்பின் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு காற்று போகிறது. பிளம்பரைக் கூப்பிட்டு அந்தக் குழாய்க்கும் ஒரு காற்றுக் குழாய் வைக்கச் சொல்லுங்கள்.