ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சுகர், பிரஷர் மாத்திரையும் சேரும்போது: சட்டம் உங்களுக்குத் தருவது என்ன?

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. மருந்து, அதாவது எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் மருந்து, கொடுக்க ஆரம்பித்தபோது நாடு முழுக்க எட்டே மருத்துவமனைகள்தான், அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். அன்றைக்கு முப்பத்தைந்து வயதில் அங்கே வரிசையில் நின்றவருக்கு இப்போது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. பிழைப்போமா என்று கேட்டவர்கள் இன்று சுகர் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கிறார்கள். இது நல்ல மாற்றம்தான், ஆனால் இதற்கும் கவனம் வேண்டும். வைரஸ் கட்டுக்குள் இருந்தாலும் உடம்புக்குள் லேசான அழற்சி இருந்துகொண்டே இருக்கும், மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பையில் மாத்திரை குலுங்கி சத்தம் வராமல் இருக்க உள்ளே பஞ்சு அடைத்து வைப்பார். சுகருக்குப் பார்க்கும் டாக்டரிடம் ஏ.ஆர்.டி. பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது பெரும்பாலோர் எடுக்கும் கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது, அது ரத்தத்தில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்தின் அளவை ஏற்றிவிடும். அதனால் பொதுவாக மெட்ஃபார்மினை நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைப்பார்கள். கேஸ் மருந்து, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அதே கூட்டு மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும், அதனால் முட்டிவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் பாரம் கூடும். ஏ.ஆர்.டி. சென்டரில் கொடுத்த பச்சைப் புத்தகத்தைச் சுகர் டாக்டரிடம் காட்டுங்கள். சுகர் மாத்திரைச் சீட்டை ஏ.ஆர்.டி. சென்டரிலும் காட்டுங்கள்.

காட்டினால் வெளியே சொல்லிவிடுவார்களே? அதற்குத்தான் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நிலையை வெளியே சொல்லும்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் சொல்லலாம். வார்டு பாய்க்கோ பக்கத்து பெட்காரருக்கோ தெரிய வேண்டியதில்லை, கட்டிலில் அட்டை மாட்டவும் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவருகிறவரிடமும் நீங்களாக விரும்பினால் ஒழிய சொல்ல வேண்டியதில்லை.

அதே சட்டம், எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதையும் பாதியில் நிறுத்துவதையும் தடை செய்கிறது, தனியார் மருத்துவமனைக்கும் சேர்த்துத்தான். வயதானவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் கண்புரை, மூட்டு, ஹெர்னியா என்று ஆபரேஷன் தேவைப்படும் வயது இது. "இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று நாசூக்காகத் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் இதற்கென்று ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க மாநில அரசு நியமிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சாதாரணப் புகாருக்கு 30 நாளுக்குள், அவசரச் சிகிச்சை என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவு வர வேண்டும். உத்தரவை மதிக்காவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 5,000 வரை.

செலவு விஷயம் சுருக்கமாக: வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும், டயாலிசிஸும் இதய ஆபரேஷனும் அதில் வரும்.

அப்புறம் பெண்களுக்கு ஒன்று. எச்.ஐ.வி. இருக்கும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. மாதவிடாய் நின்றுபோய்விட்டது, இனி என்ன பரிசோதனை என்று விட்டுவிடாமல் அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போதே கேளுங்கள்.

யாரிடம் ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 1097-க்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான், தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.