நுளம்புக்குப் பயந்து வளவ சீமெந்து ஆக்காதீங்க

போன கிழமை தெஹிவளையில ஒரு வீட்டுக்குப் போனேன். சில வருஷத்துக்கு முன்னால அதே வளவுல ஒரு மாமரம், ஒரு ஜம்பு, மதிலோரமா செவ்வரத்தை, பின்பக்கம் நல்லா தழைச்ச கறிவேப்பிலை எல்லாம் நிண்டது. இப்ப கேட்ல இருந்து குசினி வாசல் வரைக்கும் இன்டர்லொக் கல், ஒரு புல்லு இல்ல. என்ன அங்கிள் இப்பிடிச் செஞ்சிட்டீங்க எண்டு கேட்டா, பேரனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில வச்சிருந்தது தம்பி, அதுக்குப் பிறகு மனிசி மரம் ஒண்டும் வேணாமெண்டு சொல்லிட்டா எண்டார். என்னைக் கூப்பிட்டது வாசல்ல வரிசையா வச்சிருக்கிற பூச்சாடிகளுக்கு என்ன செடி வைக்கலாம் எண்டு கேக்கத்தான். ஒரு சாடியத் தூக்கி அதுக்குக் கீழ இருந்த பிளாஸ்டிக் தட்டப் பாத்தேன். மழைத்தண்ணி, நல்ல தெளிவா. என்ட நிழல் விழுந்த உடனே மேல தலைகீழாத் தொங்கிக்கொண்டிருந்த நுளம்புக் குடம்பியெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்குப் போகுது. பக்கத்துச் சாடித் தட்டுலயும் அதேதான்.

மரம் போச்சு, நிழல் போச்சு, கல்லுக்குக் குடுத்த காசு போச்சு, நுளம்பு மட்டும் அப்பிடியே இருக்கு.

இது ஒரு வீட்டுக் கதையா இருந்தா நான் எழுதவே மாட்டேன். நுகேகொடை, இரத்மலானை, கொட்டாஞ்சேனை, எங்க வேலைக்குப் போனாலும் இதுதான் நடக்குது. வீட்டுத்தோட்டம் போட்டுக் குடுக்கிறதுதான் என்ட தொழில், ஆனா இப்ப பாதி நேரம் தோட்டத்த அழிக்காதீங்க எண்டு கெஞ்சுறதுலயே போகுது. அதனால ஒருக்கா விளக்கமா சொல்லிடுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் தயவு செஞ்சு வாசிங்க.

டெங்கு நுளம்பு மரத்துல முட்டை போடாது. இலையில போடாது. புல்லுல போடாது. மண்ணுலயும் போடாது. அதுக்கு வேணும் பாத்திரம் மாதிரி ஒரு குழிவான இடம், அதுக்குள்ள தேங்கி நிக்கிற தண்ணி, அவ்வளவுதான். பெண் நுளம்பு தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரமா இருக்கிற உள்பக்கச் சுவர்ல முட்டைய ஒட்டிட்டுப் போயிடும், அந்த முட்டை தண்ணி வத்திப் போனாலும் மாசக்கணக்கா காய்ஞ்சு கிடந்து திரும்ப மழை பெஞ்சு தண்ணி ஏறின உடனே பொரிக்கும். அதனாலதான் தண்ணிய ஊத்தினா மட்டும் காணாது, உள்பக்கத்த தும்புப் பிரஷால நல்லா தேய்க்கணும் எண்டு திரும்பத் திரும்ப சொல்லுறது. பொரிச்சதுல இருந்து பறக்கிற நுளம்பாகிறதுக்கு ஒரு கிழமையில இருந்து பத்து நாள் வரைக்கும் எடுக்கும். அப்ப கிழமைக்கு ஒருக்கா, ஒரே ஒருக்கா, வளவச் சுத்தி நடந்து பாத்து தேய்ச்சா போதும். இதுக்கு ஏன் மரத்த வெட்டணும்?

எங்க பாக்கணும் எண்டா, முதல்ல கூரைப் பீலி. இலை அடைச்சு தண்ணி நிக்கிற பீலிய வருஷக்கணக்கா ஒருத்தரும் ஏறிப் பாக்கிறதில்ல. பிறகு ஏசி தண்ணி விழுற வாளி, பிரிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, பாவிக்காத பாத்ரூம் கொமட், மூடி உடைஞ்ச தண்ணி டாங்கி, கார மூடுற தறப்பாள்ட மடிப்பு, யோகட் கப், தயிர்ச் சட்டி, சிரட்டை, குடிச்சுட்டு எறிஞ்ச செவ்விளநீர்க் கோம்பை, பழைய டயர். இதுல ஒண்டாவது மரமா சொல்லுங்க? இன்டர்லொக் போட்டவங்க வீட்டுலயும் இதுல முக்கால்வாசி இருக்கு. சில வீட்டுல போட்ட கல்லே ஒரு பக்கம் தாண்டு போய் அதுலயும் தண்ணி நிக்குது.

தோட்டத்துலயும் கவனிக்க வேண்டியது இருக்கு, அத மறைக்க மாட்டேன். டெங்கு பரப்புற நுளம்பு ரெண்டு இனம். ஈடிஸ் எஜிப்டை வீட்டோட ஒட்டி இருக்கும், ஈடிஸ் அல்பொபிக்டஸ் தோட்டத்து நிழல்லயும் இருக்கும். மரப்பொந்து, வெட்டின மூங்கில் குத்தி, அன்னாசி மாதிரி இலை அடுக்குக்குள்ள தண்ணி பிடிக்கிற அலங்காரச் செடி, இதுகள்ல இந்த ரெண்டாவது இனம் முட்டை போடும். பொந்துக்கு மணல் போட்டு அடைங்க, மூங்கில கணுவோட சேர்த்து வெட்டுங்க, தண்ணி பிடிக்கிற செடிய வளக்காம விடுங்க, இல்லாட்டி கிழமைக்கு ஒருக்கா ஹோஸ் பைப்பால பீச்சிக் கழுவுங்க. வீட்டுச் சுவரோட ஒட்டி அடர்த்தியா வளர்ந்தத கீழ்ப்பக்கம் கொஞ்சம் கவாத்துப் பண்ணி காத்து போக விடுங்க. செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

பயம் நியாயமானதுதான். 2017ல நாட்டுல 186,000 பேருக்கு மேல டெங்கு எண்டு பதிவாகி 400க்கு மேல உயிர் போச்சு, அந்த வருஷம் எங்கட சொந்தக்காரர், அயலவர் எண்டு யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருந்திருப்பாங்க. நுளம்பு பெருக விட்டா வழக்குப் போடுறதுக்கு 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டமும் இருக்கு. பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா தேடுறது தண்ணி நிக்கிற பாத்திரத்தத்தான். உங்கட மாமரத்துக்கு ஒருத்தரும் வழக்குப் போட மாட்டாங்க.

இதே பயத்துல இன்னொரு வேலையும் நடக்குது, மாசாமாசம் ஆள் வச்சு வளவு முழுக்க பூச்சி மருந்து அடிக்கிறது. புகையும் ஸ்பிரேயும் கொல்லுறது அந்த நேரம் பறக்கிற நுளம்பத்தான், தட்டுத் தண்ணிக்குள்ள இருக்கிற குடம்பிய புகை ஒண்டும் செய்யாது, அடுத்த கிழமை புதுசா வெளிய வரும். ஆனா தேனீ, சிலந்தி, தும்பி எல்லாம் செத்துப் போகும். ராஜகிரியவில ஒரு அன்ரி, பாஷன் ஃப்ரூட் கொடி நிறைய பூக்குது ஒரு காய் கூட பிடிக்குதில்ல, என்ன உரம் போடுறது எண்டு கேட்டா. உரத்துல ஒண்டும் இல்ல. பாஷன் பூவுக்கு மகரந்தம் கொண்டு போறது தச்சன் வண்டு எண்டு சொல்லுற அந்தப் பெரிய கறுப்பு வண்டுதான். அது பட்ட மரக்கட்டையில ஓட்டை போட்டுக் கூடு கட்டும். மருந்தும் அடிச்சு, பட்ட கொம்பெல்லாம் வெட்டி எரிச்சிட்டு காய் எங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்ல? மருந்த நிப்பாட்டச் சொன்னேன், ஒரு காய்ஞ்ச முருங்கைக் கட்டைய மதிலோட சாத்தி வைக்கச் சொன்னேன், வண்டு வாறவரைக்கும் பூ விரிஞ்ச உடனே விரலால மகரந்தத்தத் தொட்டு வைக்கக் காட்டிக் குடுத்தேன்.

அடுத்தது கறிவேப்பிலைப் புழு. இதச் சொல்லாம விட ஏலாது, ஏனெண்டா எனக்கு வாற வட்ஸப் படத்துல பாதி இதுதான். சின்னதா இருக்கேக்க பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையா இலையில ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு பச்சையாகி கண்ணு மாதிரி ரெண்டு பொட்டோட கொழுத்து நிக்கும், மெதுவா தொட்டா தலைக்குப் பின்னால இருந்து ஒரு செக்கச் செவந்த கவட்டை வெளிய வரும், ஒரு மணமும் வரும். அது கடிக்காது, கொட்டாது, பறவைய வெருட்டுறதுக்குத்தான் அப்பிடிச் செய்யுது. ரெண்டு மூண்டு கிழமையில கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியா பறந்து போயிடும். எங்கட வளவுகள்ல பறக்கிற பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியில சிலது கறிவேப்பிலை, தேசி மாதிரி ஒரே குடும்பத்து மரங்கள் இல்லாட்டி இனம் பெருக்கவே ஏலாது. அதுக்குப் போய் மருந்து அடிக்கிறீங்க, நாளைக்கு அதே இலையப் பிடுங்கி சொதிக்குப் போடுறீங்க! கொஞ்சம் யோசிங்க. மரம் பெரிசா இருந்தா புழு தின்னட்டும், திரும்பத் தழைக்கும். சின்னக் கண்டு எண்டா புழுவ இலையோட எடுத்து பக்கத்துப் பெரிய மரத்துல விடுங்க. எல்லாப் புழுவும் வண்ணத்துப்பூச்சி ஆகவும் போறதில்ல, பாதிய கொண்டைக்குருவியும் புலுனியும் குஞ்சுக்குக் கொண்டு போகும். தேன்சிட்டுக் கூட குஞ்சுக்குக் குடுக்கிறது சிலந்தியும் பூச்சியும்தான், தேன் மட்டும் குடிச்சு குஞ்சு வளராது. புழு இல்லாத தோட்டத்துல குருவி வரேல்ல எண்டு கவலைப்பட்டு பிரயோசனம் இல்ல.

கொழும்ப 2018ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையில ஈரநில நகரம் எண்டு உலகத்துலயே முதல் தொகுதியில அங்கீகரிச்சாங்க. பெத்தகான, தியசறு, தலங்கம பக்கமெல்லாம் சதுப்பு நிலம் இருக்கு, மீன்பிடிப் பூனை கூட இந்த நகரத்துக்குள்ள வாழுது. ஆனா இந்தச் சதுப்புகளுக்கு நடுவுல இருக்கிறது எல்லாம் எங்கட வீடுகள்தானே. பத்து பேர்ச் காணியா இருந்தாலும் அதுல நிக்கிற ஒரு மரம்தான் குருவியும் வௌவாலும் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போற வழி. ஒரு லேன்ல வரிசையா எல்லாரும் கல்லு போட்டா அந்த வழி அறுந்து போகும், மழைத்தண்ணியும் மண்ணுக்குள்ள இறங்க இடமில்லாம ரோட்டுக்குத்தான் வரும். மழைக்கு லேன் நிரம்புது எண்டு கோபப்படுற அதே ஆக்கள் தங்கட வளவ மூடி வச்சிருக்கிறதப் பாக்கேக்க எனக்கு உண்மையிலயே மனசு நோகுது.

மிச்சத்த சுருக்கமா சொல்லுறேன். இலையக் கூட்டி எரிக்காதீங்க, மரத்தடியில ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு விடுங்க, அதுக்குள்ளதான் மண்புழுவும் அரணையும் தேரையும் இருக்கும். யோகட் கப்பயும் பொலித்தீன் பையையும் மட்டும் அதுல இருந்து பொறுக்கிடுங்க. சாரைப்பாம்பு விஷமில்லாதது, எலி தின்னும், எலி கூடினா எலிக்காய்ச்சல் வரும், அதக் கொல்லாதீங்க. என்ன பாம்பு எண்டு தெரியாட்டி தள்ளி நிண்டு தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க, அடிக்கப் போனா கடி வாங்கலாம். கால்வாய்ப் பக்க வீடெண்டா கபரகொய்யா எண்ட பெரிய தண்ணி உடும்பு வரும், போகும், அது சட்டத்தால பாதுகாக்கப்பட்ட பிராணி. பெரிய ஆபிரிக்க நத்தைக்கு மருந்துக் குளிசை போடாதீங்க, நாய் தின்டா செத்துப் போகும். கையுறை போட்டுப் பொறுக்குங்க, செண்பகம் வாற வளவுல அதுவும் கொஞ்சத்தத் தின்னும். குருவிக்குத் தண்ணி வைக்கிறது நல்லம், தட்டையான மண்சட்டியில வச்சு ஒவ்வொரு நாளும் ஊத்தித் தேய்ச்சு புதுசா விடுங்க, அதுக்கு ஏலாட்டி வைக்காதீங்க. சின்னத் தொட்டி, குளம் எண்டா கப்பி மீன் விடுங்க, ஆனா மிஞ்சின மீனக் கால்வாய்க்குள்ள கொண்டு போய் ஊத்தாதீங்க, அது இந்த நாட்டு மீன் இல்ல. பலா மரம் எண்டா நினைச்சவுடனே வெட்டவும் ஏலாது, பிரதேச செயலகத்துல அனுமதி எடுக்கணும்.

வெள்ளவத்தை ஃபிளாட்ல இருக்கிறவங்க எங்களுக்கு என்ன எண்டு கேப்பீங்க. பல்கனியில வெயில் படுற பக்கம் ஒரு பெரிய சாடியில கறிவேப்பிலை, ஒண்டுல தேசி, ஒண்டுல வெட்சி, இது போதும். நாலாம் மாடிக்கும் வண்ணத்துப்பூச்சி ஏறி வரும். சாடிக்குக் கீழ தட்டு வைக்காதீங்க, வச்சே ஆகணும் எண்டா அதுக்குள்ள விளிம்பு வரைக்கும் மணல் போடுங்க.

ஏற்கனவே கல்லு போட்டவங்களும் கவலைப்பட வேணாம், இன்டர்லொக்க கழட்டலாம். முழுக்கக் கழட்டச் சொல்லேல்ல, கார் நிக்கிற இடம் அப்பிடியே இருக்கட்டும். மதிலோரமா ரெண்டு மூண்டு வரிசைய எடுங்க, கீழ இருக்கிற மணலையும் சல்லியையும் அள்ளுங்க, மண் இறுகிப் போயிருக்கும், அலவாங்கால ரெண்டடி ஆழத்துக்கு உடைச்சு கொம்போஸ்ட்டும் காஞ்ச இலையும் கலந்து ஒரு மழைக்கு விடுங்க. பிறகு செவ்வரத்தை, கறிவேப்பிலை, ஒரு கொய்யா வைங்க. தெஹிவளை அங்கிளுக்கும் இதத்தான் சொன்னேன், யோசிச்சுச் சொல்லுறேன் எண்டிருக்கிறார். சாடித் தட்டெல்லாத்தையும் நானே கவிழ்த்துத் தேய்ச்சு வச்சுட்டு, பீலிக்கு ஏணி வச்சுப் பாக்க ஆள் வரச்சொல்லிட்டுத்தான் வந்தேன். மழைக்கு முன்னால நீங்களும் ஒருக்கா பீலியப் பாத்துடுங்க.