பல்வலிக்குப் புகையிலை வைப்பவர்கள் கவனத்துக்கு

"பல்லு வலிச்சுதுன்னு ஒரு துண்டு புகையிலை வச்சேன் டாக்டர். வலி நின்னுபோச்சு. அப்படியே பழகிப்போச்சு."

இந்த வாரமும் ஒரு அம்மா இதையே சொன்னார். களையெடுக்கப் போகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். வந்தது ஆடுகிற முன்பல்லுக்கு. கன்னத்தை விலக்கிப் பார்த்தால், இடது கீழ்க் கடைவாயை ஒட்டி வெள்ளையாக, சுருக்கம் விழுந்த தடிப்பு. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. நடுவில் சிவப்பாக ஒரு திட்டு. வெள்ளையைவிட அந்தச் சிவப்புதான், புற்றாக இருக்குமோ என்று, எனக்குக் கவலை. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டால், "தெரியலீங்க, வலிக்கலையே" என்கிறார்.

புகையிலை வைத்தால் பல்வலி போகும் என்ற வைத்தியத்தை யார் தொடங்கி வைத்தார்களோ, அவர்களோடுதான் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். சொத்தை பல்லின் நடுவே உள்ள நரம்பைத் தொட்டால்தான் ராத்திரி தூங்கவிடாத அந்த வலி வரும். சிகிச்சை எடுக்காவிட்டாலும் பெரும்பாலும் அது கொஞ்ச நாளில் நின்றுவிடும். ஏனென்றால் நரம்பு செத்துவிட்டது. புகையிலை வைத்தவருக்கும் நிற்கும், கிராம்பு வைத்தவருக்கும் நிற்கும், எதுவுமே வைக்காமல் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவருக்கும் நிற்கும். புகையிலையின் காரத்தில் அந்த இடம் கொஞ்ச நேரம் மரத்துப்போவது உண்மை. சொத்தை அதனால் ஒரு நூல்கூடக் குறையாது. செத்த பல்லின் வேர்நுனியில் சீழ் சேர்ந்து, சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கும். அப்போது யாரும் புகையிலையைக் குறை சொல்வதில்லை, "குளிர்ந்த தண்ணி குடிச்சேன்" என்பார்கள். பல் போனபிறகும் புகையிலை மட்டும் அதே இடத்தில், அதே கன்னத்தில், தினமும் உட்கார்ந்திருக்கும். அந்த வெள்ளைத் தடிப்பு வருவதும் மிகச்சரியாக அங்கேதான்.

மூக்குப்பொடியை ஈறில் தேய்ப்பதும் இதே கதைதான். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலக்கக்கூடாது என்று 1992லேயே தடை வந்துவிட்டது. வீட்டுக்குள் நாம் தேய்ப்பதை யார் தடுப்பது?

பீடி, சிகரெட் ஆட்கள் வேறு ரகம். "ஈறுல ரத்தமே வராது டாக்டர், ஸ்ட்ராங்கா இருக்கு" என்பார்கள். நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கி வைத்திருப்பதால் வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பாதி கரைந்திருக்கும். இதில் இன்னொரு சங்கடம்: பழக்கத்தை விட்ட சில வாரங்களில் ஈறு கசியத் தொடங்கலாம். பயந்துபோய்த் திரும்பப் பற்றவைத்தவர்கள் உண்டு. ஐயா, ரத்த ஓட்டம் திரும்பி வருகிறது என்று அர்த்தம், சுத்தம் செய்துகொள்ள வாருங்கள்.

பல் பிடுங்கியபின் மூன்று நாளாவது புகைக்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். குழியில் உறைந்த ரத்தம் கலைந்து எலும்பு வெளியே தெரிந்தால், காதுவரை இழுக்கிற வலியோடு திரும்பி வருவீர்கள். வந்ததும் "சரியா பிடுங்கலை" என்ற புகார் வேறு.

நம் நாட்டில் புகைக்கிறவர்களைவிட மெல்லுகிறவர்கள் இரண்டு மடங்கு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைப்பவர்கள், 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலைக்காரர்கள். இருந்தும் "பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் பெண்கள் பதறிப்போய் மறுப்பார்கள். "வெத்தலை போடுவீங்களாம்மா?" என்று கேட்டால்தான் இடுப்பிலிருந்து சுருக்குப்பை வெளியே வரும். எங்களிடம் மறைக்காதீர்கள். நாங்கள் போலீஸ் இல்லை. புதிதாகப் படித்து வரும் பல் மருத்துவர்களும் கேள்வியை மாற்றிக் கேட்கப் பழகலாம்.

பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவா போடும் பையன்களுக்கு: உங்கள் மூன்று விரலைச் சேர்த்து நெடுக்குவாக்கில் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லையா? காரம் பட்டால் வாய் எரிகிறதா? இன்றே வாருங்கள். பாக்கு போட்டு இப்படி இறுகிய வாய் பழையபடி முழுசாகத் திறப்பது அரிது. வெறும் பாக்குதானே என்று சொல்லாதீர்கள். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அறிவித்தாகிவிட்டது.

எல்லோரும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, இவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்பு, காரணமில்லாமல் ஆடும் பல், எதுவானாலும் காட்டுங்கள். வலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றால், "கத்தி பட்டா பரவிடும்" என்று எழுந்து போகாதீர்கள். பரிசோதனையால் பரவுவதில்லை. தள்ளிப்போடும் ஆறு மாதத்தில் பரவும்.

விட முடியவில்லை என்றால் திட்டமாட்டேன், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசினால் விடுவதற்கு வழிகாட்டுவார்கள். நிக்கோடின் சூயிங்கம் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

அந்த அம்மாவை அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். "நாத்து நட்டு முடிஞ்சதும் போறேன்" என்றார். மகனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன்.