சொப்புச் சாமானில் தொடங்கும் ஈகை

பிறந்தநாளன்று ஆதரவற்றோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, குழந்தையின் கையால் உணவுப் பொட்டலம் கொடுக்கவைத்தால் இரக்க குணம் வந்துவிடும் என்று நம்பும் பெற்றோரைக் குழந்தை வளர்ச்சி ஆலோசகராக நான் அடிக்கடி சந்திக்கிறேன். நோக்கத்தில் குறையில்லை. ஆனால், அறியாத இடத்தில் கேமரா முன் நிற்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு, எதிரில் இருப்பவரின் தேவையைவிட, சொன்னபடி செய்தால் பாராட்டு கிடைக்கும் என்பதே எளிதில் மனதில் பதிகிறது. அந்த வயதில் ஈகையைப் பழக ஏற்ற இடம், வீட்டுக் கூடத்தில் பரப்பிக் கிடக்கும் சொப்புச் சாமான்தான்.

உதவும் இயல்பை நாம் புதிதாகப் புகுத்த வேண்டியதில்லை. உளவியல் ஆய்வாளர்கள் வார்னெகன், டொமாசெல்லோ ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தவறவிட்டு எட்டாமல் தவித்த துணிக் கிளிப்பை 18 மாதக் குழந்தைகளே எடுத்துக் கொடுத்தார்கள். உதவிக்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவியதை அதே இருவரும் 2008-இல் காட்டினார்கள். எனவே உதவிக்கு மிட்டாய் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.

பகிர்வதுதான் சரி என்று மூன்று வயதிலேயே சொல்லத் தெரிந்த குழந்தைக்கும், தன் பங்கைப் பிரித்துக் கொடுக்கும் மனம் வர மேலும் சில ஆண்டுகள் பிடிக்கின்றன. சமைப்பதாகவும் பரிமாறுவதாகவும் நடித்து ஆடும் பாவனை விளையாட்டின் பயன் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அங்கே கொடுப்பதால் எதுவும் குறைந்துபோவதில்லை, அடுத்தவரின் இடத்தில் உட்கார்ந்து பார்க்கவும் முடிகிறது.

மழலையர் வகுப்பொன்றில் அன்னதானப் பந்தி நடந்தது. பூவரச இலையில் மணல் சோறு, புளியங்கொட்டைப் பொரியல். பரிமாறிய சிறுவன் சோற்றைக் குவித்துக்கொண்டே போக, உட்கார்ந்திருந்த சிறுமி இலையைக் கையால் மறைத்து, "சோறு போதும், எனக்குத் தண்ணிதான் வேணும்" என்றாள். அவன் விழித்தான். ஆசிரியை குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து வெற்றுத் தம்ளரைச் சாய்த்து ஊற்றியவன், அடுத்த இலைக்குப் போனதும், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

கரண்டியைக் கையில் வைத்திருப்பதும் ஓர் அதிகாரம்தான். அதை விட்டுக்கொடுக்க மறுக்கும் குழந்தைகள் உண்டு (பெரியவர்களிலும் இல்லாமலில்லை). ஆகவே ஆட்டத்தின் நடுவே இடம் மாற்றுங்கள். பரிமாறியவர் பந்தியில் உட்காரட்டும். வாங்குபவரை "பிச்சைக்காரர்" என்று பெயரிடாமல், பசித்து வந்த பயணி, மழையில் வீடு நனைந்த பக்கத்து வீட்டு அக்கா என்று அமைத்தால், உதவி பெறுவது இழிவு என்ற எண்ணம் உள்ளே நுழையாது. வெள்ளத்தில் நிவாரண வரிசையில் நின்ற குழந்தையை வாங்குபவராக நடிக்க வற்புறுத்தாதீர்கள். அவளாக விளையாடினால் தடுக்கவும் வேண்டாம்.

நீங்களும் பந்தியில் உட்காரலாம். "நல்ல பிள்ளை" என்று பாராட்டுவதற்குப் பதிலாக, "தாகமா இருந்துச்சு, நீ கொடுத்ததும் சரியாப்போச்சு" என்று ஆட்டத்தில் ஏற்ற வேடத்தில் இருந்தபடியே சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு, "இப்ப உன் பொம்மையைத் தம்பிக்குக் கொடு பார்க்கலாம்" என்று சோதித்துவிடாதீர்கள். அடுத்த முறை அந்தக் குழந்தை விளையாடவே வராது.