ஒரு மாசமாப் போடற மாத்திரைதானே, சார்?

மறுபடியும் அதே கதை. ஒருவருக்கு முழங்கால் தேய்மானத்தால் வந்த வலி. யாரோ சொல்லி ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் யூரிக் ஆசிட் 7.6. தெரிந்த மருந்துக் கடையில், யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டார். ஐந்தாவது வாரம் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு, முகவீக்கம். அம்மை என்று வேப்பிலை வைத்துப் படுக்கவைத்தார்கள். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. கண் மஞ்சளானதும் கீழாநெல்லி. அதற்கும் பிறகுதான் எங்களிடம் வந்தார்கள்.

"அந்த மாத்திரையா சார்? ஒரு மாசமாப் போடறாரு, ஒண்ணும் செய்யலையே!" என்றார் மனைவி.

இந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஒவ்வாமை என்றால் மருந்து போட்ட அரை மணியில் அரிப்பும் மூச்சுத்திணறலும் வரும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஒரு வகை. இன்னொரு வகையில், உடம்பு மருந்தைப் பகையாக எடுத்துக்கொள்ளவே நாள் பிடிக்கும். பெரும்பாலும் 2 முதல் 8 வாரம். முப்பது மாத்திரை ஒத்துக்கொண்டதே என்று கணக்குப் போடாதீர்கள். பல வருஷமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையைவிட, போன மாதம் புதிதாகத் தொடங்கியதுதான் முதல் சந்தேகத்துக்கு உரியது. வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமாசிபைன், அப்புறம் சல்பா மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். தோலோடு நிற்காது, கல்லீரலையும் பிடிக்கும்.

சிலருக்குக் கல்லீரல் பயாப்ஸியில், அதாவது சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனையில், கிரானுலோமா தெரியும். எதிர்ப்பு அணுக்கள் திரண்ட சிறு முடிச்சுகள். நம் ஊரில் கிரானுலோமா என்றதும் காசநோய்தான் நினைவுக்கு வரும். அதைத் தேடத்தான் வேண்டும். ஆனால் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒவ்வாமையில் கூடும் ஒருவகை வெள்ளை அணு) ஏறியிருக்கிறதா, புதிதாக என்ன மருந்து என்று கேட்காமல் காசநோய் மாத்திரையைத் தொடங்காதீர்கள். ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. பயாப்ஸி படிவத்தில் மருந்துப் பட்டியலையும் எழுதி அனுப்புங்கள்.

அறிகுறி எதுவும் இல்லாமல் யூரிக் ஆசிட் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள். யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வீங்கி வலிக்கும் கௌட் உள்ளவர்களுக்கும் 100 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோதான் தொடங்குவோம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் குறைவு.

புது மாத்திரை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே வாருங்கள். அலோபியூரினால் என்றால் அடுத்த வேளை போடாமல் வாருங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், வலிப்பு வந்துவிடும். உடனே வந்தால் பொருத்தமானதாக மாற்றித் தருவோம். ஃபெனிட்டாய்ன் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கார்பமாசிபைனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். மருந்துக் கடை நண்பர்களே, தயவுசெய்து பெயர் இருக்கும் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்காதீர்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தபின் அந்தப் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். அதே மருந்து மறுமுறை உள்ளே போனால், வாரக்கணக்கில் காத்திருக்காது.