வீட்டில் ஹாம்ஸ்டர் குட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு: கடலூரிலும் புதுச்சேரியிலும் பொருந்தும் விதிகள்

எலி போன்ற சிறு செல்லப்பிராணியான ஹாம்ஸ்டரை ஜோடி சேர்த்துக் குட்டி எடுக்க அரசின் அனுமதி வேண்டுமா என்ற கேள்விக்கான விடை, அந்தக் குட்டிகளை நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டில் வளர்ப்பதற்கு மட்டும் தனி உரிமம் எதுவும் கேட்கப்படுவதில்லை. விலைக்குக் கொடுக்கத் தொடங்கினால், பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட செல்லப்பிராணிக் கடை விதிகள் குறுக்கே வரும். இவை மத்திய விதிகள் என்பதால், தமிழ்நாட்டைச் சேர்ந்த கடலூருக்கும் ஒன்றியப் பிரதேசமான புதுச்சேரிக்கும் ஒன்றுபோலவே பொருந்தும்.

இவ்விதிகளில் செல்லப்பிராணி என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில் நாய், பூனை, முயல், கினிப்பன்றி ஆகியவற்றோடு ஹாம்ஸ்டரும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘கடை’ என்பதன் பொருளும் நாம் நினைப்பதைவிட அகலமானது. விற்பனைக்காகப் பிராணிகள் வைக்கப்படும் எந்த இடமும், வாரச்சந்தையில் போடப்படும் கடையும், இணையவழி விற்பனைத் தளமும் அதில் அடங்கும். ஆகவே புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் ஒரு கூண்டை வைத்து விற்பவரும், திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் குட்டி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் விலை சொல்பவரும், தமக்குக் கடையே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பதே என் புரிதல். தொடர்ந்து விற்க எண்ணுபவர், தம் பகுதிக்குரிய மாநில விலங்கு நல வாரியத்தில் 5,000 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடத்தினால் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பதிவு தேவை. வழிமுறையை அறிய, கடலூர்க்காரர்கள் கால்நடை பராமரிப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தையும், புதுச்சேரிக்காரர்கள் அங்குள்ள கால்நடை பராமரிப்பு மற்றும் நலத்துறையையும் அணுகலாம்.

நாய் வளர்ப்போருக்கென 2017-ல் வந்த இனப்பெருக்க விதிகள் ஹாம்ஸ்டருக்குப் பொருந்தா. வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-ல் வந்த விதியும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள இனங்களுக்கே உரியது; நம் வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டரும் குள்ள வகைகளும் அதில் வருவதில்லை.

விற்காதவர்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வளர்ப்பவர் எல்லாரையும் கட்டுப்படுத்தும். ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கவும், தேவையற்ற வலியைத் தடுக்கவும் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்கிறது 3-ம் பிரிவு. அசைந்து நடமாட இடம் போதாத கூண்டில் அடைப்பது, போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராதது, பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி கைவிடுவது, நெரிசலாலோ பட்டினியாலோ துன்புறும் பிராணியை விற்க முன்வருவது ஆகியவை 11-ம் பிரிவின்படி குற்றங்கள். முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம். 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 3 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. இந்த அபராதத் தொகை இன்றைக்குப் போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அப்பிரிவு சொல்லும் கடமைகளை ஹாம்ஸ்டரின் இயல்போடு சேர்த்துப் படித்தால், ஜோடி சேர்க்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை அனைத்தும் அவற்றுக்குள்ளேயே இருப்பது தெரியும்.

முதலில் கூண்டுக் கணக்கு. சிரியன் ஹாம்ஸ்டரின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 16 நாட்கள்தான். ஓர் ஈற்றில் 8 முதல் 10 குட்டிகள் சாதாரணம்; அதற்கு மேலும் போடும். குட்டிகள் 3 வாரத்தில் பால்குடி மறக்கும். 4 வாரம் முடிவதற்குள் ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்துவிட வேண்டும். ஏனெனில் 5 வார வயதிலேயே உடன்பிறந்தவை தமக்குள் இணைந்து கர்ப்பமாகிவிடக்கூடும்; பிரிக்கத் தவறினால், பிறந்து 2 மாதம் ஆவதற்குள் அந்தக் குட்டிகளே குட்டி போட்டிருக்கும். அத்துடன் சிரியன் தனித்து வாழும் இனம். வளர்ந்த பிறகு ஒரே கூண்டில் இரண்டை வைத்தால் கடித்துக் குதறிக்கொள்ளும், சாவிலும் முடியும். பத்துக் குட்டிகளுக்கும் ஆள் கிடைக்காவிட்டால், 8 வார அளவில் பத்துத் தனிக் கூண்டுகள் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு இடமோ பணமோ இல்லையென்றால், 11-ம் பிரிவு சொல்லும் நெரிசலை நோக்கி நீங்கள் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றே கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்வதாக உறுதி சொன்னவர்களின் எண்ணிக்கை பத்தை எட்டும்வரை ஜோடி சேர்க்காமல் இருப்பதே முறை.

குள்ள வகைகளில் கர்ப்பகாலம் 18 முதல் 22 நாட்கள் வரை. இவற்றில் தாய் ஈன்ற உடனேயே மறுபடி சினைப்படக்கூடியது என்பதால், ஆணைக் கூண்டிலேயே விட்டுவைத்தால் பாலூட்டும்போதே அடுத்த ஈற்றையும் சுமந்து உடல் தேய்ந்துபோகும். குள்ள வகைகளான கேம்பல், வின்டர் ஒயிட் ஆகிய இரண்டும் வேறு வேறு இனங்கள். கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் தெரியாமல் கலந்துவிடுகிறார்கள். இனம் உறுதியாகத் தெரியாத ஜோடியைச் சேர்க்காதீர்கள்.

தாய் தந்தையரின் மரபு தெரியாமல் இறங்குவதில்தான் பெரிய துன்பம் ஒளிந்திருக்கிறது. ரோன் என்று அழைக்கப்படும் வெள்ளை கலந்த நிறமுள்ள இரண்டு சிரியன்களைச் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி கண்ணே இல்லாமல் வெண்ணிறமாகப் பிறக்கும். பார்வையில்லாத அந்தக் குட்டியை அதன் ஆயுள் முழுவதும், அதாவது இரண்டு மூன்று ஆண்டுகள், பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது யார்? 1930-ல் சிரியாவின் அலெப்போ அருகே பிடிக்கப்பட்ட ஒரே ஒரு தாயின் குட்டிகளிலிருந்து பெருகியவையே இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் சிரியன்களில் மிகப் பெரும்பாலானவை. அவ்வளவு நெருங்கிய வழியில் வந்தவற்றை மேலும் அண்ணன் தங்கையாகவே சேர்ப்பதைத் தவிர்க்க, பிறந்த தேதியும் பெற்றோர் விவரமும் எழுதித் தருபவரிடம் வாங்குவது நல்லது. பெண் ஹாம்ஸ்டருக்கு 4 மாத வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டியதை ஈற்றுக்கு விடக் கூடாது.

நம் கடற்கரை ஊர்களின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஹாம்ஸ்டருக்கு இதமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி வரை. மே மாதத்தில் இங்கே 38 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. உப்புக்காற்றின் புழுக்கம் வேறு. கர்ப்பமாக இருக்கும் பெண் ஹாம்ஸ்டருக்கும் உரோமம் முளைக்காத குட்டிகளுக்கும் அந்த வெப்பம் ஆபத்தானது என்பதால், ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜோடி சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆபத்து வேறு வகையில் வருகிறது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் இப்பகுதியில் மின்சாரம் நின்று வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நாம் மறந்திருக்க முடியாது. ஈன்ற முதல் வாரத்தில் கூண்டை நகர்த்தினாலோ குட்டிகளைத் தொட்டாலோ தாய் மிரண்டு தன் குட்டிகளையே தின்றுவிடுவதுண்டு. வெள்ளம் வந்தால் நகர்த்தாமலும் இருக்க முடியாது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஈற்றுக் கூண்டைத் தொடக்கத்திலேயே உயரமான, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

ஹாம்ஸ்டரைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரை ஜோடி சேர்க்கும் முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். பால்குடி மறந்த குட்டிகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்கு இரண்டே நாளில் உயிரைப் பறித்துவிடும். அப்போது மருத்துவரைத் தேட நேரம் இருக்காது. புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரிக்கலாம். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அந்தக் காலத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம். ஹாம்ஸ்டர்கள் வழியே பரவக்கூடிய ஒரு வைரஸ் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது.

குட்டியைக் கொடுக்கும்போது, இலவசமாகக் கொடுத்தாலும், பிறந்த தேதி, பாலினம், பெற்றோரின் இனமும் நிறமும், பழகிய தீனி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் உங்களிடமே திருப்பித் தரலாம் என்பதையும் அதில் எழுதுங்கள். அந்த வரி இல்லாததால்தான் சிலர், சுதந்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துக் கெடிலம் ஆற்றங்கரையிலோ ஏதாவதொரு பூங்காவிலோ விட்டுவிடுகிறார்கள். அங்கே அது இரண்டு நாள் தாக்குப்பிடிப்பதே அரிது. விட்டவர் மீது 11-ம் பிரிவின் கீழ் வழக்குப் போடவும் இடமுண்டு.