ஒரே சேனல், ஊருக்கொரு நாள் இருட்டு

மெக்சிகோவின் குவாதலஹாராவில் மென்பொருள் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக் கேபிளில் ஒரு ஸ்பானிய விளையாட்டுச் சேனல் வருகிறது. லத்தீன் அமெரிக்கா முழுக்க ஓடும் சேனல். மார்ச் இரண்டாம் வாரத்தில், காலை ஒன்பதரை மணி தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே உறைந்து, சில நிமிடம் கழித்துத் திரும்பி வந்ததாம். மறுநாளும் அதே நேரம், அதற்கு மறுநாளும். அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது. புவெனஸ் ஐரஸில் இருக்கும் சக ஊழியரைக் கேட்டால், "எங்களுக்கு நன்றாகத்தானே வந்தது" என்றிருக்கிறார். ஏப்ரல் தொடக்கத்தில் அதே கோளாறு அவருக்கு வந்தது, பகல் ஒரு மணி வாக்கில். "ஒரே சேனல், ஒரே செயற்கைக்கோள். அப்புறம் எப்படி சார் ஊருக்கு ஒரு தேதி?"

கேபிள்காரர் மேல் தப்பில்லை, சேனல் மேலும் இல்லை. குறுக்கே வந்தது சூரியன். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, வருடத்துக்கு இரண்டு பருவம், டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் சில நிமிடம் வந்து போகும். தொழிலில் இருப்பவர்கள் இதை சன் அவுட்டேஜ் என்பார்கள். அந்தக் கண்டத்துக் கேபிள் நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவிப்பும் போடுகின்றன. யார் படிக்கிறார்கள்?

இந்தச் சேனல்கள் ஏன் வானத்தை நம்பின என்று முதலில் பார்த்துவிடலாம். மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா, சிலி வரை அமெரிக்கக் கண்டங்களில் 18 நாடுகள் ஸ்பானியம் பேசுகின்றன. நடுவே அமேசான் காடு, ஆண்டிஸ் மலைத்தொடர், கரீபியக் கடல். ஒரு கால்பந்து ஆட்டத்தை இத்தனை ஊருக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோக 1980களில் கம்பி வழி கிடையாது. செயற்கைக்கோள் இருந்தது, ஆனால் நாடு விட்டு நாடு போகும் செயற்கைக்கோள் தொடர்பு ஏறக்குறைய முழுக்க இன்டெல்சாட் என்ற அரசுகளின் கூட்டமைப்பிடம் இருந்தது. அந்த ஏகபோகத்தோடு மோதியவர் ரெனே ஆன்செல்மோ. அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியை வளர்த்தெடுத்தவர். அவர் நடத்திய நிறுவனம்தான் பின்னாளில் உனிவிசியோன் என்று பெயர் மாறியது. அவர் தொடங்கிய பான்ஆம்சாட் கம்பெனியின் பாஸ்-1 செயற்கைக்கோள் 1988 ஜூன் 15 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பியது. ஏரியன் 4 ராக்கெட்டுக்கு அது முதல் பயணம். வெடித்தாலும் வெடிக்கலாம் என்ற ராக்கெட்டில் சொந்தப் பணத்தை ஏற்றி அனுப்பிய மனிதர்! தனியார் கையில் இருந்த முதல் சர்வதேச செயற்கைக்கோள் அதுதான். அடுத்த வருடமே, 1989இல், இஎஸ்பிஎன் லத்தீன் அமெரிக்காவுக்கான சேனலைத் தொடங்கியது. கடைசியில், 2006இல், பான்ஆம்சாட்டை இன்டெல்சாட்டே வாங்கிக்கொண்டது தனிக் கதை.

ஆட்டம் வீட்டுக்கு வரும் பாதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்திலிருந்து படமும் கூட்டத்தின் சத்தமும் வரும், வர்ணனை வராது. ஸ்பானிய வர்ணனையை மெக்சிகோ நகரத்திலோ புவெனஸ் ஐரஸிலோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து சேர்ப்பார்கள். எந்த நாட்டில் ஒளிபரப்பு உரிமை உண்டு, எதில் இல்லை என்று பார்த்து மின்னணுப் பூட்டு போடுவார்கள். சுருக்கி மேலே அனுப்பினால், நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள் வாங்கித் திருப்பி வீசும். ஏறி இறங்கக் கால் வினாடி. கீழே கேபிள் நிறுவனத்தின் பெரிய டிஷ் அதைப் பிடிக்கும், அங்கிருந்து உங்கள் வீட்டுக்குக் கம்பி. பெரிய நகரங்களில் இன்று பல சேனல்கள் கண்ணாடி இழை வழியாகவே வருகின்றன. வாசகரின் கேபிள்காரர் இன்னும் டிஷ்ஷைத்தான் நம்பியிருக்கிறார் என்பது அந்த உறைந்த படத்திலேயே தெரிகிறது.

செயற்கைக்கோளில் அலையை வாங்கித் திருப்பி வீசும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். ஒவ்வொன்றும் செலவிடுவது சில பத்து வாட்தான். அதை ஒரு கண்டத்தின் மேல் தெளிக்கிறது. மூன்று மீட்டர் டிஷ் ஒன்று அதில் அள்ளுவது எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு. இந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டு பந்து கோட்டைத் தாண்டியதா என்று காட்ட முடிகிறது, ஏனென்றால் டிஷ்ஷின் பார்வையில் பின்னணி வானம் மிக அமைதியானது.

ரேடியோ பொறியாளர்கள் இரைச்சலை வெப்பநிலையாகவே அளப்பார்கள். சூடாக இருக்கும் எந்தப் பொருளும் ரேடியோ அலைகளை வெளியிடும். சூடு கூடக் கூட இரைச்சலும் கூடும். இந்தச் சேனல்கள் இறங்கும் சி பேண்ட் அலைவரிசையில் வெற்று வானம் சில கெல்வின்தான் (கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணும் வெப்ப அளவு). கருவியின் சொந்த இரைச்சலையும் சேர்த்தால் மொத்தம் 100 கெல்வினுக்குள் அடங்கும். சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பு ஏறக்குறைய 5,800 கெல்வின். ஆனால் இந்த அலைகள் அதற்கு மேலே உள்ள, இன்னும் சூடான அடுக்கிலிருந்து கிளம்புவதால், டிஷ்ஷுக்கு அது பத்தாயிரம் கெல்வினுக்கும் மேலே தெரியும். சூரியன் நேராக வந்து நிற்கும்போது மூன்று மீட்டர் டிஷ்ஷின் மொத்த இரைச்சல் ஆயிரம் கெல்வினைத் தாண்டிவிடும். அனலாக் காலத்தில் இப்படி ஆனால் படத்தில் புள்ளி மழை பெய்யும், பந்து மங்கலாகவாவது தெரியும். டிஜிட்டலில் பிழைதிருத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாகக் கைவிடும். வாசகர் பார்த்த கட்டங்கள் அந்தக் கடைசி சில வினாடிகள்.

சரி, தேதிக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பூமியில் நின்று சூரியனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சூரியனில் நின்று பூமியைப் பாருங்கள். செயற்கைக்கோளின் நிழல் பூமியில் எங்கே விழும்? (அத்தனை சின்னப் பொருளின் நிழல் நிஜத்தில் இவ்வளவு தூரம் வந்து சேராது. சூரியனிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒரு நேர்கோடு இழுத்து, அது பூமியைத் தொடும் புள்ளியை நிழல் என்று வைத்துக்கொள்வோம்.) அந்த நிழல் விழும் ஊரில்தான், அந்தக் கணத்தில், சூரியனும் செயற்கைக்கோளும் ஒரே திசையில் இருக்கும். அந்த ஊர் டிஷ்ஷுக்குத்தான் கண் கூசும்.

பிப்ரவரி நடுவில் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் நிழல் வடக்கே பூமியைத் தாண்டி வெற்றுவெளியில் போய்விடும், யாருக்கும் தொந்தரவில்லை. பிப்ரவரி கடைசியில் நிழல் பூமியின் வடக்கு விளிம்பைத் தொடும். சூரியன் வடக்கே ஏற ஏற, நிழல் தெற்கே இறங்கும். ஒரு நாளைக்கு 0.4 டிகிரி, தரையில் சொன்னால் நிலநடுக்கோட்டை ஒட்டி ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தெற்கு விளிம்பு வழியாக வெளியேறிவிடும்.

இது வருடாந்தர நகர்வு. இதோடு அன்றாட நகர்வும் உண்டு. சூரியன் மேற்கே சாய்வதால் நிழல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும், நிமிடத்துக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் முகத்தை நடுவாக ஒருமுறை கடக்க 1 மணி 10 நிமிடம் போதும். மறுநாள் அதே நேரத்தில் திரும்ப வந்து, கொஞ்சம் தெற்கே தள்ளி அடுத்த கோடு. பழைய குழாய் டிவி நினைவிருக்கிறதா? எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு போடும், கொஞ்சம் கீழே இறங்கும், மறுபடி இடமிருந்து அடுத்த கோடு, இப்படியே திரை முழுக்க. அதே வேலையைச் சூரியன் பூமியின் மேல் செய்கிறது. டிவிக்கு ஒரு படம் போட வினாடியில் சின்னப் பங்கு போதும், சூரியன் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 44 நாள், நாளுக்கு ஒரு கோடு. செப்டம்பரில் சூரியன் தெற்கே திரும்பும்போது அதே திரையைக் கீழிருந்து மேலாக வரையும்.

லத்தீன் அமெரிக்கக் கேபிள் சேனல்களைச் சுமக்கும் செயற்கைக்கோள்களில் ஒன்று இன்டெல்சாட் 21. 58 டிகிரி மேற்கில் நிற்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லைப்புற நகரமான டிஹுவானாவுக்கு மார்ச் 8 வாக்கில் உச்சம். குவாதலஹாராவுக்கு 11 அல்லது 12. பொகோட்டா 18. நிலநடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும் கீத்தோவுக்குச் சரியாகச் சமநாளில், 20ஆம் தேதி. லிமா 26. புவெனஸ் ஐரஸ் ஏப்ரல் 3. கண்டத்தின் அடிவாலில் இருக்கும் உஷுவாயாவுக்கு 9. ஓரிரு நாள் முன்பின் இருக்கும். செப்டம்பரில் வரிசை தலைகீழ்: உஷுவாயாவுக்கு மாதத் தொடக்கத்தில், குவாதலஹாராவுக்கு அக்டோபர் 1 வாக்கில், அதுவும் மார்ச்சைவிட இருபது நிமிடம் முன்னதாக. ஒரே செயற்கைக்கோள்தான், நிழல்தான் ஊர் ஊராக நடக்கிறது.

மணியும் இதிலேயே வந்துவிடும். குவாதலஹாராவிலிருந்து பார்த்தால் 58 டிகிரி மேற்கு கிழக்கு வானில் இருக்கிறது, அதனால் சூரியன் காலையிலேயே அதன் பின்னால் போய்விடும். புவெனஸ் ஐரஸுக்கு அது நேர் வடக்கே, உச்சிவேளையில்தான் சூரியன் அங்கே வரும். அர்ஜென்டினாவின் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் அங்கே அது பகல் ஒரு மணி.

ஒரே நாளோடு போகாமல் சில நாள் நீடிப்பதற்குக் காரணம் டிஷ்ஷின் பார்வை அகலம். மூன்று மீட்டர் டிஷ் சி பேண்டில் 1.75 டிகிரி அகலத்தைப் பார்க்கும், சூரியன் தானே அரை டிகிரி. டிஷ் பெரிதானால் பார்வை குறுகும், அதனால் தொல்லை சீக்கிரம் முடியும். ஆனால் இருக்கும்வரை கடுமையாக இருக்கும், ஏனென்றால் அந்தக் குறுகிய பார்வையில் பெரும் பங்கைச் சூரியனே அடைத்துக்கொள்கிறது.

அந்த நிமிடத்தில் கேபிள் நிறுவனத்தின் டிஷ் பக்கத்தில் நின்றால், டிவி இல்லாமலேயே விஷயத்தைப் பார்த்துவிடலாம். கிண்ணத்துக்கு முன்னால் மூன்று நான்கு கம்பிகள் தாங்கி நிற்கும் எல்என்பி, அதாவது குவிந்த அலையை வாங்கும் கருவி, இருக்கிறதல்லவா, அதன் நிழல் காலையிலிருந்து கிண்ணத்தின் உள்பக்கம் மெல்ல நகர்ந்து, சரியாக நட்டநடுவுக்கு வரும். நடுவைத் தொடும் வேளையில் சேனல் செத்துப்போகும், நடுவைத் தாண்டியதும் உயிர் வரும். சில நிறுவனங்கள் இதை வைத்தே டிஷ் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். கணக்குப்படி 9:36க்கு வரவேண்டிய உச்சம் 9:39க்கு வந்தால் டிஷ் முக்கால் டிகிரி தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். டிஷ்களுக்குப் பளபளப்பில்லாத பெயின்ட் அடிப்பதும் இந்த நாட்களை நினைத்துத்தான். கண்ணாடி மாதிரி மின்னினால் வெயிலெல்லாம் எல்என்பி மேல் குவிந்து அதன் பிளாஸ்டிக் மூடியை உருக்கிவிடும்.

நம்மூரிலும் இதே கதைதான். சென்னைக்கு மார்ச் 14 வாக்கில் உச்சம் வரும். தேசிய பங்குச் சந்தை செயற்கைக்கோளை நம்பி ஓடிய நாட்களில், இதற்காகவே வர்த்தக நேரத்தை மாற்றிவைத்ததுண்டு.

சூரியன் ரேடியோவில் இவ்வளவு சத்தம் போடும் என்பதே தற்செயலாகத் தெரிந்த விஷயம். 1942 பிப்ரவரி கடைசியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்கள் பகலில் திடீரெனக் குருடாயின. ஜெர்மானியர் வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள், ஏனென்றால் அந்த மாதம்தான் ஜெர்மனி ரேடாரைக் குழப்பித் தன் போர்க்கப்பல்களை ஆங்கிலக் கால்வாய் வழியாக ஓட்டிப்போயிருந்தது. ஜே. எஸ். ஹே என்ற இயற்பியலாளர் குறிப்புகளை வாங்கிப் பார்த்தார். இரைச்சல் வரும் திசை நாள் முழுக்கச் சூரியனோடு சேர்ந்தே நகர்ந்திருக்கிறது, சூரியனில் அன்று ஒரு பெரிய கரும்புள்ளி வேறு. போர் ரகசியம் என்பதால் 1946வரை அவரால் அதை வெளியே சொல்ல முடியவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். போர் என்றால் ரேடாருக்குப் பணம் கொட்டும், சும்மா வானத்தைக் கேட்கிறேன் என்றால் கை மூடிக்கொள்ளும். ஸ்பானியம் பேசும் போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ தொலைநோக்கி இருந்தது, 305 மீட்டர் கிண்ணம், 1963 முதல் வேலை செய்தது. பல வருடம் நிதியைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார்கள். 2020இல் இரண்டு கம்பிவடங்கள் அறுந்தன, டிசம்பர் 1 அன்று மேலே தொங்கிய 900 டன் மேடை கிண்ணத்தின் மேலேயே விழுந்தது. பராமரிப்புக்குக் கணக்குப் பார்த்தவர்கள் அதற்கு எந்தக் கணக்கு எழுதினார்களோ.

இன்னொரு எரிச்சல், "இன்று இரவு காஸ்மிக் கதிர் வருகிறது, செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. இங்கே சூரியனால் செல்போனுக்கும் ஆபத்தில்லை, மனிதருக்கும் இல்லை. அது வழக்கம்போல்தான் இருக்கிறது, டிஷ் அதன் பக்கம் பார்த்துத் தொலைத்துவிட்டது, அவ்வளவே. எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்பதைப் பல வருடம் முன்னதாகவே சொல்ல முடிகிற ஒன்றுக்குப் பரிகாரம் தேவையில்லை, அட்டவணை போதும்.

செயற்கைக்கோளுக்கும் இதே பருவத்தில் ஒரு சோதனை உண்டு. நள்ளிரவை ஒட்டி அது பூமியின் நிழலுக்குள் போகும், அதிகபட்சம் 70 நிமிடம். சூரியத் தகடு வேலை செய்யாது, பேட்டரியில் ஓட வேண்டும். பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பகல் தொல்லையைத் தீர்க்க வழியில்லாமல் இல்லை. 43 டிகிரி மேற்கில் இன்னொரு செயற்கைக்கோள் இருக்கிறது. அதன் பின்னால் சூரியன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து போய்விடும். அதிலும் சேனலை ஏற்றி, இரண்டாவது டிஷ் வைத்து, அந்தச் சில நிமிடம் மட்டும் மாறிக்கொள்ளலாம். ஆனால் டிரான்ஸ்பாண்டர் வாடகை வருடம் முழுக்கக் கட்டவேண்டும். தென் அமெரிக்காவின் பெரிய ஆட்டங்கள், அந்தக் கண்டத்துக் கால்பந்து கிளப்புகளின் கோப்பையான கோப்பா லிபர்தடோரஸ் உட்பட, பெரும்பாலும் மாலையிலோ இரவிலோதான் நடக்கின்றன, அப்போது சூரியன் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மாட்டிக்கொள்வது சனி, ஞாயிறு காலையில் எழுந்து ஐரோப்பிய லீக் பார்ப்பவர்கள். அவர்களுக்காக எந்த நிறுவனமும் இரண்டாவது வாடகை கட்டாது.